எலுமிச்சை இனமும் கொய்யுங் காலமும்

தமிழ் நாட்டு இல்லங்களில் கிணற்றடியில் ஓர் எலுமிச்சை மரமேனும், கொல்லைப்புறத்தில் ஒரு நாரத்தையேனும் நிற்கக் காண்பது அரிதன்று. இடவசதியுடையோர் சாத்துக்குடியும் பம்பளிமாசும் வைத்து வளர்க்கின்றனர். மலைச்சாரலில் வாழ்வோர் கமலாவும் வைக்கின்றனர். கன்று நடுதல், எருவிடுதல், நீர் பாய்ச்சுதல் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு யோசனை கூறுவர். ஆனால், "காயை எப்பொழுது பறிப்பது?" என்று கேட்டாலோ, "மஞ்சளானதும் பறிக்கலாம்" என்னும் ஒரே விடைதான் எவரிடமிருந்தும் வரும். இவ்விடை எலுமிச்சைக்கு ஒருவாறு பொருந்தும். சாத்துக்குடிக்கோ பெரும்பாலும் பொருந்தாது.

இது சிறிய விஷயம் என்று எண்ணற்க. விதையினின்று வளர்த்த சாத்துக்குடி மரம் முதற்காய் காட்டுவதற்கே ஏழெட்டு ஆண்டுகள் ஆகக்கூடும். அதன் பின்னும், பூத்த நாள் தொட்டுப் பழம் முதிர எட்டு மாதத்திற்கு மேல் வேண்டும். இத்தனை காலம் காத்திருந்த வீட்டார், இறுதி இரண்டு மாதங்களில் பொறுமையிழந்து பறித்துத் தின்று, முகஞ்சுளித்து, "இது புளிப்பு மரம்" என்று பெயர் சூட்டி, கோடரியை எடுத்து வருதலும் உண்டு. குற்றம் மரத்தினுடையதா, பறித்த கையினுடையதா என்று ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சிக்குத் துணையாகும் சில செய்திகளை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மாவும் வாழையும் கற்பித்த பாடம்

பழுத்தல் என்பதை நாம் மாவினிடத்தும் வாழையினிடத்தும் கற்றுக்கொண்டோம். முற்றிய மாங்காயை வைக்கோலில் புதைத்து வைத்தால் சில நாளில் அது கனிந்துவிடுகிறது. வாழைத்தாரை வெட்டிப் புகைமூட்டம் போட்டால் தார் முழுவதும் ஒருங்கே பழுக்கிறது. இதற்குக் காரணம் யாது? வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு மாப்பொருள் அடங்கியுள்ளது. மரத்தினின்று பிரிந்த பின்னும் காய் உயிருள்ள வஸ்துவேயாகையால், அது சுவாசித்துக்கொண்டே அம்மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. பழுக்கத் தொடங்கும் வேளையில் அச்சுவாசம் திடீரென்று மிகுந்து பின்னர்த் தணியும். 1925-ஆம் ஆண்டில் கிட், வெஸ்ட் என்னும் இரண்டு ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிள் பழத்தில் இவ்வேற்றத்தை அளந்து வெளியிட்டனர். மா, வாழை, ஆப்பிள், பப்பாளி யாவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவை.

எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா, நாரத்தை, பம்பளிமாசு ஆகியவை வேறு வகுப்பின. வில்வம், விளா, கறிவேப்பிலை ஆகியவற்றோடு ஒரு குடும்பமாகத் தாவர நூலார் இவற்றை வைத்து எண்ணுவர். இவ்வெலுமிச்சை இனத்துக் காய்களில் சேமித்து வைத்த மாப்பொருள் இல்லை. இலைகள் நாள்தோறும் சமைத்து அனுப்பும் சர்க்கரையே காம்பின் வழியாக வந்து சுளைகளில் நிறைகிறது. காம்பை நறுக்கிய கணமே அவ்வரவு நின்றுவிடும். மாங்காய் கட்டுச்சோற்றோடு வழிப்பயணம் புறப்படுகிறது. சாத்துக்குடியோ தாய்வீட்டு அடுக்களையில் அன்றாடம் உண்பது. ஆகவே, பறித்த சாத்துக்குடியை வைக்கோலில் வைப்பினும், அரிசிப் பானையில் இடினும், அதன் இனிப்பு ஓர் அணுவளவும் ஏறாது. நாளடைவில் புளிப்புச் சிறிது தணியலாம், தோல் வாடலாம், நிறம் மாறலாம், அவ்வளவே. மாங்காயை முந்திப் பறித்தவன் ஓரளவு தப்பித்துக்கொள்வான். சாத்துக்குடியை முந்திப் பறித்தவனுக்கு அவ்வழி இல்லை.

நிறம் கூறும் சாட்சி

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. மனிதருக்கு அது பொருந்துமாயினும், இவ்வினப் பழங்களுக்குப் பொருந்துவதில்லை. காயின் தோல் பசுமையாய் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள பச்சையம். அப்பச்சையம் அழிந்த பின்னரே அடியில் மறைந்துள்ள மஞ்சளும் செம்மஞ்சளும் வெளிப்படும். பச்சையம் அழிவது முதிர்ச்சியை மட்டும் பொறுத்ததன்று. இரவின் குளிர்ச்சியையும் பெரிதும் பொறுத்தது. வெப்பம் சென்டிகிரேடு அளவில் ஏறக்குறைய 13 பாகைக்குக் கீழ் இறங்கும் இரவுகள் தொடர்ந்து வருமாயின், தோல் விரைவில் பொன்னிறம் பெறும். சேர்வராயன் மலையிலும், பழனி மலைச்சாரலிலும், குடகிலும் காப்பித் தோட்டங்களின் நடுவே விளையும் கமலாவுக்கு நல்ல நிறம் அமைவதற்கு மலைநாட்டுக் குளிரிரவுகள் பெருங்காரணமாகும். சமவெளியில் இரவும் வெப்பமாய் இருத்தலால், சாத்துக்குடி தேனாய் இனித்த பின்னும் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தோடேயே நின்றுவிடும். பச்சையென்று அதனை இகழ்வோர் பழத்தை அன்று, தம் ஊரின் தட்பவெப்பத்தையே இகழ்கின்றனர்.

இதனினும் வியப்பானதொன்று உண்டு. வாலன்சியா என்னும் சாத்துக்குடி வகை குளிர்காலத்தில் செம்மஞ்சள் நிறம் பெற்று, பறிக்கப்படாமல் மரத்திலேயே நிற்குமாயின், வேனிற்காலம் வந்ததும் மீண்டும் பசுமையடைகிறது. அப்பொழுது அதன் உள்ளே சர்க்கரை குறைவதில்லை. முன்னிருந்த பொன்னிறப் பழத்தைவிடப் பின்னிருக்கும் பச்சைப் பழமே இனிப்பு மிக்கதாகவும் இருக்கலாம்.

பசுமை முதிர்ச்சியின்மைக்குச் சாட்சியன்று என்றோம். மஞ்சளும் முதிர்ச்சிக்குத் தக்க சாட்சியன்று. இரவில் வந்து துளையிட்டுச் சாறு உறிஞ்சும் ஒருவகை அந்துப்பூச்சி குத்திய காய், காலத்திற்கு முன்னரே மஞ்சளித்து உதிரும். கடுவெயில் பட்ட பக்கமும் முன்னதாக வெளுக்கும். பச்சைநோய் என்று வழங்கும் கொடிய நோய் பற்றிய மரத்தில் காய்கள் சிறுத்து, ஒருபுறம் கோணி, அடிப்பாகம் பச்சையாகவே நிற்கக் காம்புப் பக்கம் மட்டும் நிறம் மாறும், சுவையோ கசக்கும். இலைச்சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி இந்நோயை மரத்துக்கு மரம் பரப்புகிறது. இதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆதலின், நிறத்தை மட்டும் நம்பிப் பறிப்பவர் நல்ல காயை விட்டு நோய்க்காயை முதலில் பறிக்க நேரிடும்.

எண்ணெய் அடுப்பின் கதை

நிறம் வேறு, கனிவு வேறு என்பதை மெய்ப்பிக்கும் ஒரு வரலாறு அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. அங்குள்ள பழ வணிகர்கள் பச்சையாய்ப் பறித்த எலுமிச்சைகளை மூடிய அறைகளில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்புக்களை எரிய வைத்து மஞ்சளாக்கி வந்தனர். அடுப்பின் வெப்பமும் ஈரமுமே நிறத்தைத் தருகின்றன என்பது அவர்கள் எண்ணம். ஆனால், அவ்வடுப்புக்களை நீக்கி வேறு வகையால் அறைகளைச் சூடாக்கியபோது எலுமிச்சைகள் பச்சையாகவே இருந்துவிட்டன. சீவர்ஸ், ட்ரூ என்னும் இருவர் இதனை ஆராய்ந்து, நிறமாற்றத்துக்குக் காரணம் வெப்பமன்று, எண்ணெய் எரியும்போது உண்டாகும் வாயுக்களே என்று 1912-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1924-ஆம் ஆண்டில் டென்னி என்பார், அவ்வாயுக்களுள் வேலை செய்வது எதிலீன் என்று நிறுவினார். நம் நாட்டில் வாழைத்தாருக்குப் போடும் புகைமூட்டத்திலும் இவ்வெதிலீனே தொழில் புரிகிறது. காரணம் அறியாமலே நம் முன்னோர் காரியத்தை அறிந்திருந்தனர்.

எனினும், ஒரு வேற்றுமையை நோக்குக. புகைமூட்டம் வாழையின் உள்ளும் புறமும் பழுக்கச் செய்கிறது; எலுமிச்சை இனத்திலோ தோலை மட்டும் மாற்றுகிறது. உள்ளே இருந்த புளிப்பு இருந்தபடியே இருக்கும். கடையில் பொன்னிறமாய் விளங்கும் சாத்துக்குடி வீட்டிற்கு வந்தபின் பல்லைக் கூசச் செய்வதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று. கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்தல் இதனினும் தீயது. அதனினின்று எழும் வாயுவில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சார்ந்த நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக் கூடும். ஆதலின் 2011-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனை விலக்கியுள்ளன. சந்தைக்கு நிறம் வேண்டும். வீட்டிற்குச் சுவை போதும். தன் கொல்லையில் மரம் வைத்திருப்பவன் பெற்றுள்ள பெரிய பாக்கியம், நிறத்தைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கலாம் என்பதே.

நாட்கணக்கு

நிறம் உதவாதெனின் எதனைக்கொண்டு அறிவது? முதலாவது துணை நாட்கணக்கு. எலுமிச்சை, பூத்த ஐந்து அல்லது ஆறு மாதங்களில் முதிரும். சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது மாதங்கள் வேண்டும். மலைப்பாங்கான குளிரிடங்களில் காலம் நீளும். வெப்பமான இடங்களில் குறுகும்.

மேற்கிந்தியத் தோட்டக்காரர்கள் இப்பூக்காலங்களுக்குப் பெயரிட்டு வழங்குகின்றனர். தை, மாசியில் மாமரத்தோடு பூப்பதை அம்பே பகார் என்றும், மிருகசீரிட மழையோடு ஆனி, ஆடியில் பூப்பதை மிருக பகார் என்றும், அத்த நட்சத்திரத்தை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில் பூப்பதை ஹஸ்த பகார் என்றும் கூறுவர். புரட்டாசியில் பூத்த எலுமிச்சை பங்குனி, சித்திரையில் முதிர்ந்து, கோடைத் தாகத்திற்கு உதவுவதால் நல்ல விலைபோகும்.

நம் வீட்டு எலுமிச்சையோ ஆண்டில் பலமுறை பூப்பதாகலின், ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் காயும் பழமும் ஒருங்கே நிற்கும். எந்தக் காய் எந்தப் பூவினுடையது என்று எங்ஙனம் தெரியும்? பூ உதிர்ந்து மிளகளவு பிஞ்சு தோன்றியதும், அக்கிளையில் வண்ண நூல் ஒன்றைக் கட்டி, நாட்காட்டியில் அத்தேதியைக் குறித்து வைத்தல் வேண்டும். அடுத்த பூப்புக்கு வேறு வண்ண நூல். செலவில்லாத இவ்வேற்பாட்டினால் பெரும்பாலான ஐயங்கள் நீங்கும்.

கண்ணும் கையும் நாக்கும்

நாட்கணக்கு முடியும் தறுவாயில் கண்ணையும் கையையும் துணைக்கொள்க. முதிராத காயின் தோல் மேடுபள்ளமாய், எண்ணெய்ப்பைகள் நெருங்கிப் புடைத்து, கரும்பச்சையாய் இருக்கும். முதிர முதிர அவை அகன்று தட்டையாகித் தோல் மழமழப்பாகும். கரும்பச்சை வெளிறி இளம்பச்சையாகும். பின்னர், காயைக் கையிலேந்தி எடை பார்க்க வேண்டும். தோற்றத்தை நோக்க எடை மிகுதியாய் இருப்பின் சாறு நிரம்பியுள்ளது என்பது பொருள். எலுமிச்சையை மெல்ல அழுத்தினால், கல்லைப்போல் எதிர்க்காமல் சிறிது இடங்கொடுக்க வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலான நீதிபதி நாக்கு. மரத்தில் வெயில்படும் உச்சிப்பக்கத்துப் பழம் ஒன்றும், உள்நிழலில் உள்ள பழம் ஒன்றும் பறித்துக் குறுக்கே அறுத்துச் சுவைத்துப் பார்க்கலாம். வெயிலிற் காய்த்ததே இனிப்பு மிக்கது. ஒரே பழத்திலும் காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிக்கும். ஆதலால் அடிச்சுளை ஒன்றை மட்டும் தின்று முடிவு கூறலாகாது. உள்நிழற் பழமும் உண்ணத் தக்கதாயிருப்பின் மரம் முழுவதும் ஆயத்தம் என்று கொள்ளலாம். இல்லையேல் உச்சியில் உள்ளவற்றை மட்டும் பறித்து, ஏனையவற்றை இரண்டு வாரம் விட்டுவைத்தல் நன்று. ஒரே நாளில் மரத்தை மொட்டையாக்குதல் குத்தகைக்காரனுக்கு அவசியமாகலாம், வீட்டுக்காரனுக்கு அவசியமில்லை.

நாக்கின் தீர்ப்பையே இரசாயன நூலார் எண்ணால் கூறுகின்றனர். சாற்றில் கரைந்துள்ள பொருள்களிற் பெரும்பகுதி சர்க்கரை. அதனைப் பிரிக்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கும் அளவில் கணக்கிடுவர். சிட்ரிக் அமிலத்தின் அளவைத் தனியே கண்டு, முன்னதைப் பின்னதால் வகுப்பர். 100 பங்கு சாற்றில் கரைபொருள் 10 பங்கும் அமிலம் ஒன்றரைப் பங்கும் இருப்பின், விகிதம் ஏழினும் குறைவு, புளிக்கும். கரைபொருள் அவ்வளவே இருக்க, அமிலம் 1 பங்காகக் குறைந்தால் விகிதம் 10; இனிக்கும். சாத்துக்குடி இனத்திற்கு 8 என்னும் விகிதத்தையே முதிர்ச்சியின் கீழெல்லையாகப் பலவிடத்தும் கொள்கின்றனர். சர்க்கரை ஏறுவதனால் மட்டுமன்று, புளிப்பு இறங்குவதனாலும் பழம் இனிக்கிறது என்பதை இக்கணக்கு விளக்கும். கடைசி மாதத்தில் காத்திருத்தலின் மதிப்பும் இதனால் புலப்படும்.

எலுமிச்சைக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. அது புளிப்பதற்கென்றே பிறந்தது. அதில் நாம் தேடுவது சாறு. விதையற்ற பெரிய பாரசீக எலுமிச்சைக்கு, அதன் பரிமாணத்தில் நூற்றுக்கு 42 பங்கு சாறு இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கத் தர விதி கூறுகிறது. நம் வீட்டில், ஒரு காயை அறுத்துப் பிழிந்தாலே போதும். தோல் தடித்துச் சாறு சிலதுளிகளே வடியுமாயின் இன்னும் சில வாரம் பொறுத்தல் வேண்டும்.

பயனுக்கேற்ற பருவம்

எல்லாவற்றிற்கும் ஒரே பருவம் என்பதும் இல்லை. ஊறுகாய்க்கும் பானகத்திற்கும் இளமஞ்சள் பரவி மெல்லிய தோலாய் உள்ள எலுமிச்சை ஏற்றது. உப்பிட்டு உலர்த்தும் நாரத்தையையும், கடாரங்காயையும் முழுப்பருமன் அடைந்த பச்சைக்காயாகவே பறிப்பர். அவற்றில் நாம் விரும்புவது தடித்த தோலையே அன்றோ? தமிழர் வழக்கில் "நாரத்தங்காய்" என்னும் சொல்லே நிலைபெற்றது இதனாற்போலும். பம்பளிமாசு தோல் மினுக்கம் குறைந்து, எடை மிகுந்தபின் பறிக்கத்தக்கது. தடித்த தோல் காப்பாக அமைந்தமையால் பறித்தபின் பல நாள் கெடாது.

இளமரத்தைப் பற்றியும் ஒரு சொல். முதலிரண்டு ஆண்டுகளில் காய்ப்பவை பெரும்பாலும் தோல் தடித்துச் சுவை குன்றியே இருக்கும். அதனைக்கொண்டு மரத்தின் குணத்தைத் தீர்மானித்தல் முறையன்று.

காலந்தாழ்த்தலும் கேடே

காத்திருத்தல் நன்றெனின், எத்துணைக் காலமும் காத்திருக்கலாமோ எனின், அன்று. சாத்துக்குடி முதிர்ந்தபின் சில வாரம் மரத்திலேயே நல்ல நிலையில் நிற்கும். அவ்வகையில் மரமே சிறந்த பண்டகசாலை. ஆயினும் எல்லை கடந்தால் காம்புப் பக்கத்துச் சுளைகள் சாறற்றுச் சக்கையாகும். பழம் பெரிதாயும் எடை குறைந்தும் இருப்பது இதற்கு அடையாளம். கமலாவின் தோல் இயல்பாகவே தளர்ந்தது. அது முதிர்ந்தபின் விரைவில் உப்பி உள்ளே வறண்டுவிடுமாதலால், அதனைத் தாமதியாது பறித்தல் வேண்டும். எலுமிச்சை முற்றும் மஞ்சளித்தால் தானே உதிர்ந்து மண்ணிற்பட்டு அழுகும். அன்றியும், பழைய பழங்களை மரம் நெடுநாள் சுமக்குமாயின் அடுத்த பூப்பு குன்றும்.

கொய்யும் முறை

காலம் அறிந்தபின் முறையும் அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து இரயிலேறிய சாத்துக்குடிகள் வழியிலேயே மிகுதியாக அழுகி, வளர்ப்போருக்குப் பெரும் நஷ்டம் விளைந்தது. ஹெரால்டு பவல் என்னும் அரசாங்க நிபுணர் அதனை ஆராய்ந்து 1908-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். அழுகலுக்குக் காரணம் தூரமன்று, பறிப்போரின் அசட்டையே என்பது அதன் சாரம். கத்தரி நுனி கீறிய வடு, நீண்டு விடப்பட்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திய துளை ஆகியவற்றின் வழியாகவே நீலமும் பச்சையுமான பூஞ்சணம் உள்ளே புகுந்தது. காயம்படாத தோலை அப்பூஞ்சணம் எளிதில் ஊடுருவுவதில்லை.

ஆதலின், பழத்தைப் பிடித்து இழுத்தலும், கொக்கியால் அலைத்து வீழ்த்தலும் ஆகா. இழுத்தால் காம்போடு தோலும் பிய்ந்து, அழுகலுக்கு வாயில் திறந்துவிடும். கத்தரிக்கோலால் காம்பைத் தோலோடு ஒட்ட நறுக்கிக் கூடையில் மெல்ல வைத்தல் வேண்டும். பனி உலருமுன்னும், மழை பெய்த உடனும் பறித்தலாகாது. அவ்வேளையில் தோல் நீர் நிறைந்து விறைத்திருக்கும். விரல் சற்று அழுந்தினும் எண்ணெய்ப்பைகள் உடைந்து, அவ்வெண்ணெய் தோலையே சுட்டுக் கருவடு உண்டாக்கும். வெயிலேறிப் பனி நீங்கியபின் பறிப்பதே முறை.

மரத்துக்கொரு குறிப்பேடு

மேற்கூறிய மாதக் கணக்குகள் யாவும் பொதுவானவை. மண்ணும், நீரும், வெயிலும், கன்றின் குலமும் மரத்துக்கு மரம் வேறுபடுவதால், ஒவ்வொரு மரத்திற்கும் உரிய நாள் வேறாகும். அந்நாளை எந்தப் புத்தகமும் அறியாது. அம்மரத்தின் அடியில் வாழ்வோரே அறிய முடியும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டு மரத்திற்கென ஒரு குறிப்பேடு தொடங்கலாம். பூத்த தேதி, நூல் கட்டிய கிளை, ஏழாம் மாதம் முதல் இரு வாரத்துக்கு ஒருமுறை அறுத்த பழத்தின் எடை, சாறு, சுவை என்று ஐந்து பத்தி எழுதினாற் போதும். மூன்றாண்டுக் குறிப்புகள் சேர்ந்தபின் அம்மரத்தின் இயல்பு ஐயமறத் தெரிந்துவிடும்.

கல்லூரியிற் கற்கும் தாவர நூலும் இரசாயன நூலும் கொல்லைப்புறத்தில் பயன்படுவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. அன்றியும், "புளிப்பு மரம்" என்று பழிசுமந்து கோடரிக்குக் காத்து நிற்கும் மரம் ஒன்று எவ்வூரிலேனும் இருக்குமாயின், வெட்டுவதற்கு முன் அதற்கு இன்னும் இரண்டு மாதத் தவணை கொடுத்துப் பார்ப்பார்களாக. பெரும்பாலும் வழக்கு மரத்தின் பக்கமே தீரும்.